ரெண்டு குண்டு விட்டா ஏன் ரெண்டே வெளிய போகுது?

கேள்வி: ஏழாவது படிக்கிற பையனுக்கு நியூட்டன்ஸ் கிரேடில் (அஞ்சு குண்டு வரிசையா நூல்ல தொங்கி ஒன்னோட ஒன்னு மோதுற பொம்மை) வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு நாள் டக் டக்னு ஆட்டினான், இப்ப ஷோகேஸ்ல தூங்குது. உந்தம் மாறாதுன்னு சொன்னா, "அப்ப ரெண்டு குண்டு விட்டா ஒரே குண்டு டபுள் ஸ்பீடுல போகலாமே"ங்கறான். என்ன பதில் சொல்றது?

பையன் கேட்டது நல்ல கேள்விங்க, டீச்சருங்களே மாட்டிக்கிற இடம் அது. உந்தம்னா நிறை பெருக்கல் வேகம், ரெண்டு குண்டு வந்த வேகத்துல போனாலும் சரி, ஒத்தக் குண்டு டபுள் வேகத்துல போனாலும் சரி, உந்தக் கணக்கு டேலி ஆகிடும். அதை மட்டும் பார்த்தா அவன் சொல்றதுல தப்பே இல்ல. இடிக்கிறது ஆற்றல் கணக்குல. இயக்க ஆற்றல்ல, அதாவது ஓடுற பொருளுக்கு இருக்கிற ஆற்றல்ல, வேகம் ஸ்கொயரா வருது, அதனால ஒத்தக் குண்டு டபுள் வேகத்துல போகணும்னா உள்ள வந்ததைப் போல ரெண்டு மடங்கு ஆற்றல் வேணும், அதை எங்கேர்ந்து கொண்டு வர்றது?

அதான் விஷயம், இந்த பொம்மை ரெண்டு விதியை ஒன்னா போட்டுக் காட்டுது. உந்தத்தை மட்டும் புரிய வைக்கணும்னா அஞ்சு குண்டோட ஆரம்பிக்காதீங்க.

மூணு குண்டைத் தூக்கி மேல கம்பி மேல போட்டுட்டு ரெண்டை மட்டும் தொங்க விடுங்க. பின்னாடி ஒரு ஸ்கேலை நிக்க வச்சு, ஒன்னை 4 செ.மீ. உயரத்துக்குத் தூக்கி விட்டா, வந்தது நின்னுடும், அடுத்தது கிட்டத்தட்ட 4 செ.மீ. ஏறும். இப்ப ரெண்டும் மோதுற இடத்துல பட்டாணி அளவு களிமண்ணு ஒட்டிட்டு, விடறதுக்கு முன்னாடி "எவ்வளவு ஏறும்"னு அவனையே சொல்லச் சொல்லுங்க. என்கிட்ட வர்ற பசங்கள்ல முக்காவாசிப் பேர் 2னு தான் சொல்லுவாங்க. ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஏறுறது சுமார் 1 செ.மீ. தான். நிறை டபுள் ஆச்சு, வேகம் பாதியாச்சு, உந்தம் அப்படியே இருக்கு, ஆனா வேகம் பாதின்னா உயரம் கால்வாசி. ஆற்றல்ல பாதி களிமண்ணை நசுக்குறதுலயே போயிடுச்சு. உந்தம் தப்பிச்சது, ஆற்றல் கரைஞ்சதுன்னு அவன் கண்ணாலயே பார்த்துடுவான், இதுக்கு அப்புறம் அஞ்சு குண்டுக்கு வாங்க. மூணைத் தூக்கி விட்டா நடுக்குண்டு ரெண்டு பக்கமும் சேர்ந்து ஆடும், அதுக்கு பசங்க குதிப்பாங்க.

வீட்ல கேரம் போர்டு இருந்தா இன்னும் நல்லது. ஸ்ட்ரைக்கர் சுமார் 15 கிராம், காயின் சுமார் 5. நேரா அடிச்சா காயின் ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு வேகத்துல ஓடும், ஸ்ட்ரைக்கர் பாதி வேகத்துல பின்னாடியே போகும் (அதான் ஃபவுல் ஆகுது!). 15 கிராம் பாதி வேகம் 7.5, 5 கிராம் ஒன்றரை மடங்கு 7.5, கூட்டினா பழைய 15. உராய்வு கொஞ்சம் தின்னும், அதை விட்டுடுங்க.

ஒரு தப்பு மட்டும் பண்ணாதீங்க, ஆட்டம் முழுக்க உந்தம் மாறாதுன்னு சொல்லிடாதீங்க. உச்சியில குண்டு ஒரு நொடி நிக்குதே, அப்ப உந்தம் பூஜ்ஜியம் தானே, பையன் கண்டிப்பா கேப்பான். புவியீர்ப்பும் நூலும் வெளியேர்ந்து இழுக்குது, அதனால மோதுற அந்த நொடிக்கு மட்டும் தான் விதி செல்லும்.

பேருல நியூட்டன் இருந்தாலும், இப்படி குண்டுகளைத் தொங்கவிட்டு மோதவிட்டு சோதனை பண்ணி எழுதினது பிரான்ஸ்காரர் எட்மே மரியட், 1670கள்ல. நியூட்டனே 1687ல வந்த தன்னோட பிரின்சிபியா புத்தகத்துல அவர் பேரைச் சொல்லியிருக்கார். பொம்மைக்கு இந்தப் பேரு வந்தது 1967ல தான்.

நூல் சிக்கியிருந்தா இழுக்காதீங்க, குண்டு ஒவ்வொன்னா கையில தாங்கிப் பிடிச்சு பொறுமையா பிரிச்சு, எல்லா குண்டும் ஒரே மட்டத்துல, லேசா உரசுற மாதிரி தொங்குதான்னு பாருங்க. ஒன்னு கீழ தொங்குனாலும் ஆட்டம் கோணிக்கும்.