மூலம் தெரியாத புற்றுநோய்: பெட் ஸ்கானுக்குப் போகுமுன்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, வெற்றிலை போடுபவர். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. ஊசியால் எடுத்துப் பார்த்ததில் வேறெங்கிருந்தோ பரவிய செதிட்கலப் புற்றுநோய் (தோல், வாய், தொண்டையின் மேற்படலத்தில் தொடங்கும் வகை) என்று ரிப்போர்ட் வந்தது. தொண்டையிலும் சீ.ரி. ஸ்கானிலும் தொடங்கிய இடம் தெரியவில்லை. மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கான் செய்யப் போகச் சொல்கிறார்கள். சீனி வருத்தமும் உண்டு. எப்படி ஆயத்தமாவது?
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சீ.ரி. ஸ்கான் கட்டியின் வடிவத்தைக் காட்டும். ரொன்சிலின் மடிப்பிலோ நாக்கின் பின்பக்க அடியிலோ சில மில்லிமீற்றர் அளவில் ஒளிந்திருப்பது அதில் தப்பிவிடலாம். பெட் ஸ்கானில் புளோரின்-18 ஏற்றிய குளுக்கோசை நரம்பில் ஏற்றுவார்கள். புற்றுக் கலங்கள் அதை அதிகமாக உறிஞ்சுவதால் அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். தொண்டைக்குள் குழாய் விட்டுச் சதை எடுப்பதென்றால், பெட் முடிந்த பிறகு எடுப்பதே முறை. முதலில் வெட்டினால் அந்தப் புண்ணும் ஒளிரும், எது புற்று எது காயம் என்று பிரிக்க முடியாமல் போகும்.

படத்துக்கு முன் 6 மணித்தியாலம் வெறும் தண்ணீர் மட்டும். சீனி போடாத தேநீரும் வேண்டாம். முதல்நாள் இரவு சோற்றைத் தவிர்த்து மீன், முட்டை, மரக்கறி கொடுங்கள். அன்று அப்பா வெற்றிலை போடவே கூடாது: மெல்லும் தசையும் நாக்கும் அந்தக் குளுக்கோசை இழுத்துக்கொள்ளும், தேடுகிற இடமோ அதற்குப் பக்கத்தில்தான். ஊசி போட்டபின் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பேசாமல் படுத்திருக்கச் சொல்வதும் இதனால்தான். குளிரிலும் கவனம் தேவை. குளிரூட்டிய பஸ்ஸில் இரவு முழுக்க நடுங்கிக்கொண்டு போனால் கழுத்திலும் தோளிலும் உள்ள, குளிரில் உடலைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து குழப்பும். முதல்நாளே போய்த் தங்குங்கள், போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரத்தச் சீனி 200 மில்லிகிராமுக்கு மேலிருந்தால் பெரும்பாலும் வேறு திகதி தருவார்கள். அதைக் குறைக்க அவசரமாக இன்சுலின் போட்டால் குளுக்கோசு தசைக்குள் போய்ப் படம் கெட்டுவிடும். ஆகவே கிளினிக்கில் முன்கூட்டியே சீனியைக் கட்டுப்படுத்தி, இன்சுலின் நேரத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். சீனி வருத்தத்துக்குக் குடிக்கும் மெற்போமின் குளிசை குடலை ஒளிரவைக்கும். குடலையும் பார்க்க வேண்டுமென்றால் 48 மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தச் சொல்லலாம், ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்தக் குளுக்கோசின் கதிர்வீச்சு 110 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும், பிந்திப் போனால் ஊசி வீண். பழைய சீ.ரி. படங்களின் சீடி, ஊசிப் பரிசோதனை ரிப்போர்ட், கிளினிக் கொப்பி மூன்றும் கையில் இருக்கட்டும். அன்று முழுக்க நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், பேரப்பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அண்ட விட வேண்டாம்.

நெறியிலிருந்து எடுத்த இழையத்தில் பி16 (எச்.பி.வி. வைரசோடு தொடர்புள்ள புற்றைக் காட்டும் புரதம்), ஈ.பீ.வி. (எப்ஸ்டீன்-பார் வைரஸ்) பரிசோதனைகள் செய்ய முடியுமா என்றும் வைத்தியரிடம் கேளுங்கள். பி16 தெரிந்தால் சந்தேகம் ரொன்சில், நாக்கடிப் பக்கம் போகும். ஈ.பீ.வி. தெரிந்தால் மூக்கின் பின்புறம்.

கேள்வி: உம்மாவின் கமக்கட்டில் கட்டி. சுரப்பிப் புற்றுநோய் என்கிறார்கள், மமோகிராமில் மார்பில் எதுவுமில்லை. நாங்களும் பெட் எடுக்கலாமா?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: முதலில் மார்பு எம்.ஆர்.ஐ. கேளுங்கள். மமோகிராமில் மறைந்த மார்புக் கட்டியை அது நன்றாகக் காட்டும். எடுத்த இழையத்தில் ஈ.ஆர்., பி.ஆர். (ஹோர்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) பார்ப்பதும் அவசியம். எம்.ஆர்.ஐ.யிலும் ஒன்றும் தெரியாவிட்டாலும், இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் மார்புப் புற்றுநோய்க்கான சிகிச்சைதான். அது நல்ல பலன் தரக்கூடிய வகை.

கேள்வி: பெட் எடுத்தும் மூலம் கிடைக்கவில்லை. திரும்ப எடுக்க வேண்டுமா?
வாசகர், கல்முனை

பதில்: உடனே வேண்டாம். மூலம் தெரியாதவர்களில் பெட் அதைக் கண்டுபிடிப்பது ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்குத்தான். சில வயிற்றுப் புற்றுநோய்களும் மெதுவாக வளரும் நியூரோ எண்டோகிரைன் (ஹோர்மோன் சுரக்கும் கலங்களில் தொடங்கும்) கட்டிகளும் குளுக்கோசைக் குறைவாகவே எடுக்கும். இரண்டாவதற்கு கலியம்-68 என்ற வேறு மருந்தோடு எடுக்கும் பெட் உண்டு. மாறாக, காசநோய் நெறிகளும் புற்றுப் போலவே ஒளிரும். எனவே படத்தில் ஒளிர்ந்த இடத்தையெல்லாம் புற்று என்று எடுத்துவிடாமல், இழையம் எடுத்து உறுதிப்படுத்தியே சிகிச்சையைத் தீர்மானிப்பார்கள்.

ஆய்வுகூடத்தில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் இழையம் (பரபின் புளொக்) மிச்சமிருந்தால் சீ.கே.7, சீ.கே.20, ரி.ரி.எஃப்.1 போன்ற சாயப் பரிசோதனைகளைச் செய்யக் கேளுங்கள். நுரையீரலா, குடலா என்ற பக்கம் அதில் புலப்படலாம். மூலம் தெரியும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். இழையத்தின் வகையும் பரவிய இடமும் தெரிந்தாலே புற்றுநோய் வைத்தியர் மருந்தைத் தொடங்குவார்.