ஜியோஜீப்ராவில் நேர்விகிதம்: கேள்வி பதில்

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் வடிவங்களை வரைந்து, உயர்நிலை 2 பிள்ளைகளுக்கு நேர்விகிதத்தை (ஒன்று இரு மடங்கானால் மற்றதும் இரு மடங்காவதை) விளக்குவது பற்றி சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்.

ஈசூன், துணைப்பாட ஆசிரியர்: எந்த வடிவத்தில் தொடங்கலாம் சார்?

சதுரம். ‘ரெகுலர் பாலிகன்’ கருவியை எடுத்து இரண்டு இடத்தில் சொடுக்கி, 4 என்று கொடுங்கள். அடிப்பக்கத்துக்கு மென்பொருளே ஓர் எழுத்தைப் பெயராக வைத்துவிடும். ‘கிராபிக்ஸ் 2’ ஜன்னலைத் திறந்து, உள்ளீட்டுப் பட்டியில் ஒரு புள்ளியைத் தட்டச்சு செய்யுங்கள்: அடைப்புக்குறிக்குள் முதலில் அந்தப் பக்கத்தின் பெயர், காற்புள்ளி, பிறகு சதுரத்தின் சுற்றளவைத் தரும் ‘பெரிமீட்டர்’ கட்டளை. புள்ளி போகும் வழியில் தடம் விட, அதற்கு ‘டிரேஸ்’ போட்டுவிட்டு, சதுரத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் தடம் நேர்கோடாக விழும். கோட்டை நீட்டினால் ஆதிப்புள்ளி (0, 0) வழியே போகும், சாய்வு 4. இடையில் படத்தைப் பெரிதாக்கினாலோ நகர்த்தினாலோ தடம் அழிந்துவிடும். ஆகவே அளவுகோலை முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

தெம்பனிஸ், பெற்றோர்: அப்படியே செய்தோம், ஆனால் தடம் வளைகிறதே?

‘பெரிமீட்டர்’ கட்டளையை விட்டுவிட்டு, சதுரத்தின் பெயரான ‘பாலி1’ என்பதை மட்டும் எழுதியிருப்பீர்கள். அந்தப் பெயருக்கு எதிரே தெரியும் எண் பரப்பளவு. பக்கம் இரு மடங்கானால் அது நான்கு மடங்காகும், அதனால்தான் வளைவு. அதை அழிக்க வேண்டாம், பக்கத்திலேயே சுற்றளவையும் போட்டுக் காட்டுங்கள். கிடைமட்ட அச்சில் பக்கத்தின் வர்க்கத்தை வைத்தால் பரப்பளவும் நேர்கோடாகிவிடும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும்.

பொங்கோல், பெற்றோர்: மகள் சுற்றளவுக்குப் பதில் ‘4 × பக்கம்’ என்று எழுதிவிட்டாள். கோடு சரியாகத்தானே வருகிறது?

கோடு வரும், பாடம் வராது. சூத்திரத்தைத் தட்டச்சு செய்தால், தெரிந்த விடையைத்தான் திரை திருப்பிக் காட்டும். அளந்த எண்ணைப் புள்ளியாக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ், மாணவர்: வட்டச் சுற்றளவை ஆரத்தால் வகுத்தால் ஒருமுறை 6.28, இன்னொரு முறை 6.31 வருகிறது.

திரையில் தெரியும் இரண்டு தசம இட எண்களைக் கணிப்பானில் போட்டிருக்கிறீர்கள். ஆரம் 0.13 என்றால் சுற்றளவு 0.8168..., திரை 0.82 என்று காட்டும். 0.82 ÷ 0.13 = 6.31. வட்டம் சிறுத்தால் பிழை பெருகும். வகுத்தலை மென்பொருளுக்குள்ளேயே செய்யுங்கள், அது முழு மதிப்பை எடுத்துக்கொள்ளும். 3.14 வேண்டுமென்றால் விட்டத்தால் வகுக்க வேண்டும்.

ஜூரோங், துணைப்பாட ஆசிரியர்: செவ்வகத்தின் அகலத்தை 3 என்று நிறுத்தி, நீளத்தை மட்டும் ஸ்லைடரால் மாற்றினேன். சுற்றளவுக்கு நேர்கோடுதான் வந்தது. நேர்விகிதம் என்று சொல்லிவிட்டேன்.

இல்லை. நீளம் 2 என்றால் சுற்றளவு 10. நீளம் 4 என்றால் 14, இரு மடங்கான 20 அல்ல. ஸ்லைடரை 0.1 வரை இறக்கிப் பாருங்கள்: பரப்பளவு 0.3-க்கு வந்துவிடும், சுற்றளவோ 6.2-இல் நிற்கும். டாக்சி நகரும் முன்பே மீட்டரில் ஒரு தொகை இருப்பதுபோல, இரண்டு அகலங்களின் 6 எப்போதும் உட்கார்ந்திருக்கிறது.

அவரே: கோடு நேராக இருக்கிறது, ஏற்றமும் சீராக இருக்கிறது. இதையெல்லாம் பிரித்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

பிரிக்காவிட்டால்தான் தேர்வில் குழம்புவார்கள். சீராக ஏறுவது 6-க்கு மேலுள்ள பகுதி. சுற்றளவில் 6-ஐக் கழித்தால் மிஞ்சுவது நீளத்துக்கு நேர்விகிதம், அதை ஒப்புக்கொள்கிறேன். முழுச் சுற்றளவு அல்ல.

செங்காங், மாணவி: அப்படியென்றால் சதுரத்தில் மட்டும் எப்படிச் சரியானது?

நல்ல கேள்வி. சதுரத்தை இழுக்கும்போது எல்லாப் பக்கமும் சேர்ந்து வளர்கிறது. அகலத்தை 3 என்று நிறுத்தாமல், நீளத்தில் பாதி என்று வைத்துப் பாருங்கள். நீளம் 2 என்றால் சுற்றளவு 6, 4 என்றால் 12. விகிதம் எப்போதும் 3, கோடு ஆதிப்புள்ளிக்குப் போய்விடும். வடிவம் மாறாமல் பெருத்தால் நீளங்கள் எல்லாம் நேர்விகிதத்தில் இருக்கும், பரப்பளவு இருக்காது. அகலத்தை 3-இல் நிறுத்தினால் கதை தலைகீழ்: பரப்பளவு நேர்விகிதம், சுற்றளவு அல்ல. ஜூரோங் ஆசிரியர் இரண்டு செவ்வகங்களையும் ஒரே திரையில் வைத்துக் காட்டினால் குழப்பம் தீரும்.

பிடோக்: புள்ளி முதல் ஜன்னலிலேயே விழுகிறது.

புள்ளியின் அமைப்புகளில் ‘அட்வான்ஸ்டு’, அதில் ‘லொகேஷன்’. ‘கிராபிக்ஸ் 2’-ஐ மட்டும் தேர்ந்தெடுங்கள்.

சுவா சூ காங்: முக்கோணத்துக்கு ‘½ × அடி × உயரம்’ என்று எழுதலாமா?

பொங்கோலுக்குச் சொன்னதேதான். அளந்து போடுங்கள்.

புக்கிட் பாத்தோக்: எதிர்விகிதத்துக்கும் இதே முறைதானா?

பரப்பளவை 12 என்று நிறுத்தி நீளத்தையும் அகலத்தையும் புள்ளியாக்குங்கள். மற்றதைத் தனியாகப் பேசுவோம்.

ஈசூன் ஆசிரியர் மீண்டும்: வரைபட அளவுகோல் கணக்குக்கு இது உதவுமா?

நேரடியாக. 1 செ.மீ. = 0.5 கி.மீ. என்றால் 2 செ.மீ. என்பது 1 கி.மீ. ஆனால் 4 சதுர செ.மீ. நிலம் 2 சதுர கி.மீ. அல்ல, 1 சதுர கி.மீ. தெம்பனிஸ் வீட்டில் வந்த வளைவைக் காட்டிவிட்டு இந்தக் கணக்கைக் கொடுங்கள்.