ரோலிங் ஸ்டோன்ஸ் புது ஆல்பத்துக்கு ஏன் அவ்வளவு வரவேற்பு?

அந்த பிரிட்டிஷ் ராக் இசைக்குழு 2023 அக்டோபரில் வெளியிட்ட ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ பற்றித்தானே கேட்கிறீர்கள்? முதல் காரணம் ரசிகர்களின் பசி. 2005-க்குப் பிறகு சொந்தப் பாட்டுகளோடு அவர்கள் போட்ட முதல் ஆல்பம் இதுதான். நடுவில் 2016-இல் வந்தது பிறர் பாடிய பழைய ப்ளூஸ் பாட்டுகள். பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது 80 வயது, அந்தத் திமிர் குரலில் அப்படியே இருக்கிறது.

ஆனால் பழைய ரசிகர்களை அசைத்தது டிரம்ஸ். 2021-இல் காலமான குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸ் முன்பே வாசித்து வைத்தது இரண்டு பாட்டுகளில் வருகிறது. காரைக்குடியில் எங்கள் அம்மான், வீட்டு வளவில் கால் நீட்டி உட்கார்ந்து, ஆத்தங்குடிக் கல்லில் விரலால் தாளம் போட்டபடி ஆல்பத்தைக் கேட்டார். அந்த இரண்டில் ஒன்று வந்ததும் விரல் நின்றுவிட்டது. “சார்லி கைடா இது” என்றார். ஆச்சி வைத்த காபி ஏடு கட்டிப்போனது.

எல்லாப் பாட்டும் அபாரம் என்று சொல்ல மாட்டேன். நாலைந்து தேறும், அம்மானிடம் சொல்லிவிடாதீர்கள்.