பிளேட் இருக்கும்போது காலை முழுசாக ஊன்றினால் என்ன?

கேள்வி: முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, டைட்டானியம் பிளேட் வைத்து ஏழு வாரம் ஆகிறது. பாதி எடைதான் ஊன்றலாம் என்கிறார் டாக்டர். பக்கத்துப் படுக்கைக்காரரை மறுநாளே நடக்க வைத்தார்கள். எலும்பைவிட உலோகம் பலமானதுதானே? எலும்பு கூடியபின் பிளேட்டை எடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: பலமானதுதான். ஆனால் ஒருமுறை தாங்குவது வேறு, லட்சம் முறை தாங்குவது வேறு. கொஞ்சம் தடித்த கம்பியைக் கையால் ஒடிக்கப் பாருங்கள், ஒடியாது. அதையே முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால், வளையும் இடம் சூடாகி, கொஞ்ச நேரத்தில் பட்டென்று இரண்டாகிவிடும். எலும்பு கூடாத காலில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு அடியிலும் பிளேட்டுக்கு நடப்பது இதுதான், கண்ணுக்குத் தெரியாத அளவில். நாளைக்கு இரண்டாயிரம் அடி என்றாலும் அந்த ஒரு காலுக்கு மாதம் முப்பதாயிரம் முறை. ஒடிந்த பிளேட்டுகளை வெளியே எடுத்திருக்கிறேன்: பெரிதாக நெளிந்திருக்காது, முறிவுக்கு நேரே இருக்கும் ஸ்க்ரூ ஓட்டையின் ஓரத்தில் கிளம்பிய விரிசல் குறுக்கே ஓடியிருக்கும். மட்டமான பிளேட் போட்டுவிட்டார்கள் என்று வீட்டார் கோபப்படுவார்கள், பெரும்பாலும் எலும்பு கூடத் தாமதமானதுதான் காரணமாக இருக்கும்.

அப்படியானால் காலைத் தூக்கியே வைத்திருக்கலாமே என்றால், அதுவும் கூடாது. சுமை விழும் இடத்தில் எலும்பு வளரும், விழாத இடத்தில் கரையும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதிவிட்டார். எலும்புக்குள் நுண்ணிய கால்வாய்களில் திரவம் இருக்கிறது; நீங்கள் ஊன்றும்போது அது நகர்வதை அங்குள்ள செல்கள் உணர்ந்து, இங்கே எலும்பு தேவை என்று சேதி அனுப்புகின்றன. விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைவதும் இதனால்தான். பாதி எடை என்பது பயந்து சொன்ன கணக்கு இல்லை, மருந்து அளவு மாதிரி. அது எவ்வளவு என்று தெரிய, எடை பார்க்கும் மெஷினில் அந்தக் காலை வைத்து மெல்ல அழுத்திப் பழகுங்கள். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் கால் தானாகக் கற்றுக்கொள்ளும்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அநேகமாக ராடு போட்டிருப்பார்கள். ராடு எலும்பின் நடுவில் ஓடுவதால் வளைவு குறைவு, பிளேட் ஒரு பக்கமாக ஒட்டி நிற்கிறது. முறிவின் வகையும் வேறாக இருக்கும், ஒப்பிட வேண்டாம்.

சரி, பிளேட்டை எடுப்பது. எலும்பின் விறைப்பு, அதாவது வளையாமல் எதிர்க்கும் தன்மை, சுமார் 15 முதல் 20 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு), டைட்டானியம் கலவைக்கு 110, ஸ்டீலுக்கு 190க்கு மேல். விறைப்பானது அதிகச் சுமையை வாங்கிக்கொள்ளும், அடியில் உள்ள எலும்பு வேலையில்லாமல் கொஞ்சம் மெலியும். ஆனாலும் வலி, உறுத்தல், தொற்று எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு நான் எடுக்கச் சொல்வதில்லை. எடுத்தால் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் நிரம்பும்வரை எலும்பு அங்கே பலவீனம்தான், சில மாதம் ஓட்டமும் குதியும் ஆகாது.

சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும். குறைந்துவந்த வலி திடீரென்று கூடினாலோ, கால் கோணலாகத் தெரிந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், அதுவரை அந்தக் காலை ஊன்ற வேண்டாம்.