நட்சத்திரங்கள் பிறப்பது ஏன் குறைந்துபோனது?

"ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்மீன் திரள்களில் நட்சத்திரங்கள் மளமளவென்று பிறந்தன, இப்போது மந்தமாகிவிட்டது என்கிறார்களே, திரள்களுக்கு வயதாகிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரக்கு தீர்ந்துபோனதுதான் முக்கியக் காரணம். நட்சத்திரம் பிறக்க ஹைட்ரஜன் வாயு வேண்டும். உச்சக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய பிறப்பு வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நம் பால்வெளியே ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன் அளவு வாயுவைத்தான் நட்சத்திரமாக்குகிறது. இந்தச் சரிவு 1990களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்துத் திரள்களில் அணு ஹைட்ரஜன் (தனித்தனி அணுக்களாகத் திரியும் ஹைட்ரஜன் வாயு) எவ்வளவு கையிருப்பு என்று அளக்கத்தான் வெகுநாள் முடியவில்லை.

அளந்தது புனேவுக்கு வடக்கே கோடத் கிராமத்தில் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி. ஓர் அறிவியல் தினத்தில் பொதுமக்களை உள்ளே விட்டபோது போயிருக்கிறேன். ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம், மொத்தம் 30 டிஷ். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தகடே இல்லை, மெல்லிய கம்பி வலை! அதனூடே வானம் தெரிகிறது. ரேடியோ அலைக்கு அந்த ஓட்டைகள் பொடிசு, திரும்பிவிடும். காற்றோ புகுந்து போய்விடும். அதனால் தாங்கும் இரும்பும் குறைவு, செலவும் குறைவு. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் கைவண்ணம். நம் ஊட்டி முத்தோரைத் தொலைநோக்கியும் அவர் கட்டியதுதான்.

ஹைட்ரஜன் 21 செ.மீ. ரேடியோ அலையை வெளியிடும். 800 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வருவதற்குள், பிரபஞ்ச விரிவு அதைச் சுமார் 42 செ.மீ. ஆக இழுத்துவிடுகிறது. ஒற்றைத் திரளின் குரல் இரைச்சலில் காணாமல் போகும். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் 7,653 திரள்களின் சமிக்ஞைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தார்கள். இரைச்சல் அடங்க, ஹைட்ரஜன் தலைகாட்டியது. 2020 அக்டோபரில் நேச்சர் இதழில் வந்தது. ஸ்வரூப் அதற்கு முந்தைய மாதம்தான் காலமானார். அச்சில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

கணக்கு என்ன சொன்னது? அத்திரள்களில் வாயு ஏராளம். ஆனால் செலவழித்த வேகத்துக்கு 100, 200 கோடி ஆண்டுக்குமேல் தாங்காது. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தாலும், மோட்டார் இறைக்கும் வேகத்துக்கு ஊற்று ஊறாவிட்டால் சீக்கிரமே தரை தட்டும் இல்லையா? வெளியிலிருந்து புது வாயு வந்து விழுவது அந்த அளவுக்கு ஈடுகொடுக்கவில்லை. மிகப் பெரிய திரள்களில் நடுவிலிருக்கும் கருந்துளையும் சேர்ந்துகொண்டு, விழ வரும் வாயுவைச் சூடாக்கித் தள்ளியே வைத்துவிடுகிறது.