சிறு முதலீட்டில் தொடங்கும் ஓட்டலில் ஆட்களைத் தக்கவைத்து வளர முடியுமா?

பெரிய முதல் இல்லாமல் ஓட்டல் தொடங்கி, வேலையாட்களையும் இழக்காமல் வளர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். 2006இல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நானும் என் மனைவியும் தள்ளுவண்டியில் போட்ட இட்லிக்கடை, இன்று 14 பேர் வேலை செய்யும் ஓட்டலாக இருக்கிறது.

வண்டிக்கடையாக இருந்தவரை ஆள் பிரச்சினை தெரியவில்லை. கடை பிடித்து மாஸ்டர், சப்ளையர் என்று வைத்த பிறகுதான், முன்பணம் வாங்கியவர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பாமலிருப்பது வாடிக்கையாயிற்று. முன்பணத்தைக் கொடுத்து ஆளைக் கட்டிவைப்பது இத்தொழிலின் பழக்கம். நானும் அதையே செய்தேன், அது தவறு.

ஒருநாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு, காலை ஐந்து மணியிலிருந்து தோசைக்கல்லின் முன் நின்ற மாஸ்டர், பின்கட்டில் காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, அடிப்பிடித்த சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வலது முன்கை முழுவதும் எண்ணெய் தெறித்த வடுக்கள். எனக்குப் பேச்சே வரவில்லை. மறுநாள் முதல், மதியம் இலை போடுவதற்கு முன்பு, பதினொன்றரை மணிக்கு எல்லோரும் முன்பக்க மேசையில் அமர்ந்து, அன்றைய குழம்பு, கூட்டு, பொரியலோடு சாப்பிடுகிறோம். புளி ஏறியிருந்தால் வாடிக்கையாளருக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது என்பது நான் எதிர்பாராத பயன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, தம் வீட்டுக் கூரையை இழந்திருந்தும் மறுநாளே எங்கள் வேலையாட்கள் வந்து நின்றார்கள். மின்சாரமின்றி மாவரைக்க வழியில்லாததால் உப்புமாவும் எலுமிச்சைச் சோறும் மட்டும் போட்டோம். வியாபாரம் இல்லாத நாள்களுக்கும் முழுச் சம்பளம் கொடுத்தேன்.

வேலையாட்கள் பத்துப் பேரை எட்டியதும், தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மருத்துவச் செலவை ஏற்கும் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயில் பதிவு செய்துவிடுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோருக்கு முதலாளியின் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம்தான். அதை மிச்சம்பிடிக்க ஏட்டில் ஒன்பது பேரை மட்டும் காட்டுவோரை அறிவேன். எங்கள் சப்ளையரின் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது அவர் கடன் வாங்காமல் தப்பியது இந்தப் பதிவால்தான்.

விலகிப் போக நினைப்பவரைத் தடுக்காதீர்கள். எங்களிடம் மேசை துடைக்க வந்த தம்பி மஞ்சக்குப்பத்தில் சொந்தக் கடை வைத்தபோது, அவர் கிரைண்டர் வாங்கும்வரை அவருக்கான மாவும் எங்கள் கடையில்தான் அரைபட்டது.