நேர்காணல் பதிவுகளை ஏஐ-யிடம் கொடுத்துவிட்டேன், இனி என்ன செய்வது?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆங்கில நடையைத் திருத்த சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினேன். தொடர்புடைய கட்டுரைகளையும் அதனிடமே கேட்டு வாங்கினேன். நேர்காணல் பதிவுகளைக் கொடுத்துச் சுருக்கமும் எடுத்தேன். ஏஐ-யைக் கண்டறியும் மென்பொருளில் என் நடை மாட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. நெறியாளரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்லத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் பயப்படும் விஷயம் இந்த மூன்றில் மிகச் சிறியது. முதலில் கவனிக்க வேண்டியது நேர்காணல்களை.

உங்களிடம் பேசியவர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது உங்களை நம்பி. வெளி நிறுவனம் ஒன்றின் சர்வருக்குத் தங்கள் பேச்சு போகும் என்று அந்தப் படிவத்தில் இல்லையென்றால், அதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை என்றுதான் பொருள். சாட்ஜிபிடியைத் தனிநபர் கணக்கில் பயன்படுத்தும்போது, அமைப்புகளில் போய் நாமே நிறுத்தாதவரை உரையாடல்கள் மாடலைப் பயிற்றுவிக்கப் பயன்படலாம். பெயரை நீக்கிவிட்டுத்தானே கொடுத்தேன் என்பீர்கள். வேலை, வயது, நடந்த சம்பவம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆளைக் கண்டுபிடித்துவிட முடியும்.

இன்றே பயிற்சிக்கான அனுமதியை நிறுத்துங்கள். எந்தப் பதிவுகள், எந்தத் தேதியில் போயின என்று குறித்துக்கொண்டு, அந்த உரையாடல்களை அழியுங்கள். அப்புறம் நெறியாளர் வழியாக ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவியுங்கள். பங்கேற்றவர்களிடம் சொல்லும்படி குழு கேட்கலாம்; அதைத் தெரிந்துகொள்ளப் பங்கேற்றவர்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தச் சுருக்கங்களையும் ஒதுக்கிவிட்டு, பதிவுகளை நீங்களே மறுபடி படியுங்கள். ஒருவர் தயங்கி நிறுத்திய இடமும், ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப வந்த விதமும் சுருக்கத்தில் காணாமல் போய்விடும். இத்தகைய ஆய்வின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, கட்டுரைகள். இந்த மாடல்கள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுபவை. அதனால் நம்பும்படியான ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு எல்லாம் சேர்ந்து, இல்லாத கட்டுரை ஒன்று உருவாகிவிடும். 2023-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் சாட்ஜிபிடி தந்த, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. இதைவிட நுட்பமான ஆபத்தும் உண்டு: கட்டுரை உண்மையாகவே இருக்கும், அது சொன்னதாகக் காட்டப்படும் கருத்து மட்டும் அதில் இருக்காது. டிஓஐ எண்ணை, அதாவது ஆய்வுக் கட்டுரைக்குத் தரப்படும் அடையாள எண்ணைச் சரிபார்த்தால் முதல் வகைப் பிழை பிடிபடும். இரண்டாவதற்குக் கட்டுரையைத் திறந்து படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. படிக்காததை மேற்கோள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். கண்டறியும் மென்பொருள்களில் பல, சொற்கள் எவ்வளவு எளிதில் ஊகிக்கத்தக்கவை என்று பார்க்கின்றன. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக எழுதுபவர்கள் பழகிய சொற்களையே அதிகம் பயன்படுத்துவதால் வீணாகச் சிக்குகிறார்கள். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அப்படிப்பட்டவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை 7 மென்பொருள்களில் சோதித்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியதாக அவை தவறாகச் சொல்லின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் தன்னுடைய சொந்தக் கண்டறியும் கருவியையே துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. இத்தகைய மென்பொருள் தரும் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒரு மாணவரைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம். உங்கள் பழைய வரைவுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். கேள்வி வந்தால் அவைதான் சாட்சி.

நடைத் திருத்தத்தில் வேறொன்றைத்தான் பார்க்க வேண்டும். "இருக்கக்கூடும்" என்று நீங்கள் எழுதியதை சாட்ஜிபிடி "இருக்கிறது" என்று மாற்றியிருந்தால், உங்கள் முடிவே மாறிவிட்டது. வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆய்வேட்டில் இதை எப்படி அறிவிப்பது? உங்கள் பல்கலைக்கழக விதி எதைக் கேட்கிறதோ அதுதான் முதலில். விதி ஏதும் இல்லையென்றால் ஆய்வு முறை அத்தியாயத்தில் இப்படி எழுதலாம்: "2, 3-ஆம் அத்தியாயங்களின் ஆங்கில நடையைத் திருத்த சாட்ஜிபிடி பயன்படுத்தப்பட்டது. எல்லாத் திருத்தங்களையும் ஆய்வாளர் சரிபார்த்துள்ளார்." கருவியின் பதிப்பையும் பயன்படுத்திய மாதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஐ-யை ஆசிரியராகக் குறிப்பிடக் கூடாது. பொறுப்பேற்க அதனால் முடியாது என்பதால் ஆய்வு வெளியீட்டு நெறிகளுக்கான 'கோப்' அமைப்பும் இதையே சொல்கிறது.

நெறியாளருக்கு எழுத்து மூலமாகவே சொல்லுங்கள், ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே. அந்தக் கடிதத்தில் நேர்காணல் விஷயம் முதல் பத்தியில் இருக்கட்டும்.